ஒரே கதை, மூன்று அளவு

கதைசொல்லியாகத் தொழில் தொடங்குபவர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதுக் கதை தேடி அலைய வேண்டாம். நன்றாகக் கைவந்த நான்கைந்து கதைகளை 5, 10, 20 நிமிட அளவுகளில் சொல்லிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த நேரம் திடீரென்று குறையும், சின்னப் பிள்ளைகளோடு பெரிய பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். அப்போது அளவை மட்டும் மாற்றினால் போதும். 4 வயதுக் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வரும் வரியும் ஓசையும்தான் கதையே, அதனால் எவ்வளவு சுருக்கினாலும் அவற்றை விட்டுவிடாதீர்கள். 9 வயதுப் பிள்ளைக்கோ 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கவைக்கும் முடிச்சு வேண்டும். நீண்ட வடிவத்தில் அதைத்தான் வளர்க்க வேண்டும்.

வாராவாரம் ஒரே வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. சின்னவர்கள் அதே கதையை மறுபடி ஆசையாகக் கேட்பார்கள், பெரிய பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.