பயோகேஸ் டேங்க் சுவரில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளப்பது எப்படி?

ஸ்ட்ரெயின் கேஜ் என்பது ஒட்டிய இடம் நீளும்போது மின்தடை மாறும் மெல்லிய படலம். சாணம், கோழி எரு, ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் என எது உள்ளே போனாலும், தரைக்கு மேல் நிற்கும் இரும்பு டேங்கின் சுவரை இழுப்பது உள்ளே நிற்கும் குழம்பின் அழுத்தம்தான். வாயுவின் பங்கு சொற்பம். 10 மீட்டர் விட்டம், 6 மி.மீ. தகடு, 6 மீட்டர் உயரத்துக்குக் குழம்பு என்று வையுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் மேலே சுவரைச் சுற்றி ஏறத்தாழ 45 மெகாபாஸ்கல் தகைவு (தகட்டின் குறுக்குப் பரப்பில் விழும் இழுவிசை) வரும். இரும்பில் 1 மெகாபாஸ்கலுக்கு 5 மைக்ரோஸ்ட்ரெயின் (ஒன்று என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) கணக்கில் இது 225. வாயு 20 செ.மீ. நீர் அழுத்தத்தில் இருந்தால் கூடுவது 8 மட்டுமே. ஆகவே குழம்பு மட்டம் தெரியாமல் எடுத்த ஸ்ட்ரெயின் அளவு வெறும் எண். மட்டம் காட்டும் சென்சாரையும் சேர்த்தே வாங்குங்கள்.

இடமும் பொருளும்

அடித்தகடும் சுவரும் சேரும் வெல்டிங்கை ஒட்டிக் கேஜை வைக்காதீர்கள். அடித்தகடு சுவரைப் பிடித்துக்கொள்வதால் அங்கே அளவு குறைவாகக் காட்டும். அரை மீட்டர் மேலே, செங்குத்து வெல்டிங், மேன்ஹோல் இரண்டிலிருந்தும் தள்ளி, படுக்கைவாக்கில் ஒட்டுங்கள். சுற்றிலும் நான்கு இடம் நல்லது.

இரும்பின் வெப்ப விரிவுக்கு ஈடு செய்த 350 ஓம் கேஜ் எடுங்கள். 120 ஓம் வகையில் நீளமான ஒயரின் மின்தடை அளவைக் கெடுக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேஜ். ஒன்று சுவரில். மற்றொன்று அதே இரும்பில் வெட்டிய சிறு துண்டில். துண்டைச் சுவரோடு இறுக்காமல், வெப்பம் கடத்தும் கிரீஸ் தடவி அருகிலேயே சும்மா ஒட்டியிருக்க விடுங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதால் வெப்பத்தால் வரும் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். இந்த இரண்டும் பாலத்தின் (நான்கு மின்தடைகள் சேர்ந்த வீட்ஸ்டன் பிரிட்ஜ் சுற்று) ஒரு பாதி; மறுபாதிக்கு 0.1 சதவீத 350 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. 5 வோல்ட்டில் 225 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு வரும் சிக்னல் 0.56 மில்லிவோல்ட்தான், சிறு சிக்னலைப் பெருக்கி எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 போர்டு இதைப் படித்துவிடும்.

ஒட்டுதல்

இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஓடும் பிளான்டில் கிரைண்டரைத் தொடாதீர்கள்; காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். பெயின்ட்டைக் கையால் சுரண்டி, 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கே திரும்பப் படியும். துணி கறுக்காமல் வரும்வரை இதே வேலைதான்.

கேஜை விரலால் தொடாமல் செலோடேப்பில் எடுத்து, படுக்கைவாக்கில் வரைந்த கோட்டுக்கு நேராக வைத்து, டேப்பைப் பாதி தூக்கிப் பசை தடவி அழுத்துங்கள். சூப்பர் குளூ வகை ஒரு நிமிடத்தில் பிடிக்கும், ஆனால் மழை ஈரத்தில் நாளடைவில் விட்டுவிடும். நிரந்தர வேலைக்கு இரண்டு பாக எபாக்சி. ஒரு நாள் அழுத்தியே வையுங்கள். காய்ந்ததும் கேஜுக்கும் டேங்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஓஎல் (மின் இணைப்பு இல்லை) என்று காட்ட வேண்டும். மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வேண்டாம், கேஜ் போய்விடும்.

ஹைட்ரஜன் சல்பைடு வெறும் செம்பைக் கறுப்பாக்கித் தின்னும். வெள்ளீயம் பூசிய ஒயர் போட்டு, சால்டர் வைத்த இடங்களை முழுக்க மூடுங்கள். போர்டை வாயு வராத இடத்தில் வைத்து, இடையில் தீப்பொறி தடுக்கும் பேரியர் போடுவது கட்டாயம்.

அளவைப் படிப்பது

முதலில் சுவர்க் கேஜுக்குக் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் வைத்துப் பாருங்கள். கேஜ் ஃபேக்டர் (நீட்சிக்கு மின்தடை மாறும் விகிதம்) 2 என்றால் 175 மைக்ரோஸ்ட்ரெயின் மாற வேண்டும். மாறாவிட்டால் ஒயரிங்கில் தவறு.

காலி டேங்கில் ஒட்டி, தண்ணீர் நிரப்பும்போதே மீட்டருக்கு மீட்டர் குறிப்பதுதான் சிறந்த தொடக்கம். நம் உதாரணத்தில் மீட்டருக்கு 41 மைக்ரோஸ்ட்ரெயின் வரும். ஓடும் பிளான்டில் காலி டேங்கின் பூஜ்ய அளவு கிடைக்காது. மட்டத்தை அரை மீட்டர் இறக்கி ஏற்றி, 20 மாறுகிறதா என்று பார்க்கலாம். வெயில் ஒரு பக்கச் சுவரை மட்டும் சூடாக்குவதால் விடியலுக்கு முன் எடுத்த அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

மீட்டருக்கு 41 இருந்தது 46 ஆனால் தகடு 5.3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருக்கலாம். குறைந்தால் மகிழ வேண்டாம். டேங்க் பலமாகவில்லை, கேஜ் உரிகிறது. குழம்பும் வாயுவும் சந்திக்கும் கோட்டில் அமில அரிப்பு கடுமையாக இருக்கும், ஆனால் அங்கே தகைவு குறைவு. கீழே ஒட்டிய கேஜ் அதைக் காட்டாது. அந்த வளையத்தை ஆண்டுக்கொரு முறை அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரால் அளந்தே ஆக வேண்டும்.

கலக்கி

கலக்கியின் சுழலும் ஷாஃப்டில் கேஜ் ஒட்டினால் ஸ்லிப் ரிங் (சுழலும் ஷாஃப்டிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் வளையம்), வயர்லெஸ் என்று செலவு ஏறும். மோட்டார் நிற்கும் பிராக்கெட்டில் ஒட்டுவதே போதும். நிமிடத்துக்கு 60 சுற்று, நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 21,600 சுற்று. 46 நாளில் பத்து லட்சம். வெல்டிங் சோர்வடைந்து விரிசல் விடுவது இப்படித்தான். எச்எக்ஸ்711-ஐ நொடிக்கு 80 அளவில் ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு, ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் வீச்சைப் பாருங்கள். துடுப்பில் ஒரு பக்கம் வைக்கோலோ நாரோ சுற்றினால் மோட்டார் ஆம்பியர் பெரிதாக மாறாமலே வீச்சு பெருகும். இரட்டிப்பானால் கலக்கியை நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். துடுப்பு பாதி வெளியே தெரியும் மட்டத்தில் கலக்கி ஓடவே கூடாது; மட்ட சென்சாரோடு இன்டர்லாக் (மட்டம் இறங்கினால் கலக்கியைத் தானே நிறுத்தும் இணைப்பு) போட்டுவிடுங்கள்.