போன் அழைப்புப் பதிவை வைத்து உறவு வலை (யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற படம்) வரைவது எப்படி?

உங்கள் ஒருவருடைய கால் லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். நடுவில் நீங்கள், சுற்றிலும் மற்றவர்கள் என்று ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும், ஏனென்றால் உங்கள் அக்காவும் உங்கள் நண்பரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா என்பது உங்கள் போனுக்குத் தெரியாது. ஒரு குழுவே சம்மதித்துத் தரும் பதிவுகள் வேண்டும், இல்லையென்றால் ஆய்வுக்காக அடையாளம் நீக்கி வெளியிடப்பட்ட தரவு.

அட்டவணையில் தேவையான நெடுவரிசைகள் நான்குதான்: அழைத்தவர், எடுத்தவர், நேரம், எத்தனை நொடி. என்ன பேசினார்கள் என்பது வேண்டவே வேண்டாம். முதலில் எல்லா எண்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். நாட்டுக் குறியீட்டோடு ஒரு இடத்திலும் இல்லாமல் ஒரு இடத்திலும் இருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். அப்புறம் எண்களுக்குப் பதில் குறியீடு. வெறும் ஹாஷ் (ஒரு எண்ணை எப்போதும் ஒரே மாதிரியான வேறு எழுத்துக்கோவையாக மாற்றும் கணக்கு) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. சாத்தியமான எல்லா போன் எண்களுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குச் சின்ன வேலை. எதேச்சையான குறியீடு கொடுத்து, எது யாருடையது என்ற அட்டவணையைத் தனியாகப் பூட்டி வையுங்கள். எந்த டவர் வழியாக அழைப்பு போனது என்ற விவரம் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள்: 15 லட்சம் பேரின் தரவை வைத்து 2013இல் வந்த ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிட்டன.

இனி வருவதுதான் முக்கியமான முடிவு, எதை உறவு என்று கணக்கில் எடுப்பது? ஒரே ஒரு அழைப்பா? தவறான எண், விளம்பரம், வாடிக்கையாளர் சேவை எல்லாம் உள்ளே வந்துவிடும். 2007இல் ஒன்னெலா என்ற ஆய்வாளரின் குழுவினர் 18 வாரப் பதிவை எடுத்து, இருவரும் ஒருவரையொருவர் அழைத்திருந்தால்தான் இணைப்பு என்று வைத்தார்கள். அப்படி வடிகட்டியும் 46 லட்சம் பேர், 70 லட்சம் இணைப்புகள் மிஞ்சின. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம். இணைப்பின் எடைக்கு, அதாவது அது எவ்வளவு வலுவானது என்பதற்கு, மொத்தப் பேச்சு நேரமா, அழைப்புகளின் எண்ணிக்கையா என்றால் இரண்டையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். தினமும் அரை நிமிடம் பேசுகிறவரும் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுகிறவரும் இடம் மாறிக்கொள்வார்கள்.

வரைவதற்கு கெஃபி (Gephi) என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) Source, Target, Weight என்று ஆங்கிலத்திலேயே தலைப்பு வையுங்கள், அப்போதுதான் அது புரிந்துகொள்ளும். தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்ளும் குழுக்களைப் பிரிக்க, கெஃபியில் மாடுலாரிட்டி என்ற கணக்கை ஓட்டுங்கள். அதற்குள் இருப்பது லூவைன் என்ற குழு பிரிக்கும் முறை. 2008இல் அது பெல்ஜியத்தின் 20 லட்சம் போன் வாடிக்கையாளர்களை அழைப்புகளை மட்டும் பார்த்தே பிரெஞ்சுக் குழுக்கள், டச்சுக் குழுக்கள் என்று ஏறக்குறைய பிரித்துவிட்டது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை கொஞ்சம் மாறும், பலமுறை ஓட்டி எது நிலைக்கிறது என்று பாருங்கள். யார் வழியாக அதிகப் பாதைகள் போகின்றன என்ற பிட்வீன்னஸ் கணக்கு நெட்வொர்க் டயாமீட்டர் என்ற பொத்தானுக்குள் ஒளிந்திருக்கிறது (ஏன் அங்கே வைத்தார்களோ!).

கடைசியாக எடை குறைந்த இணைப்புகளிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள், பிறகு எடை அதிகமானவற்றிலிருந்தும் அதையே செய்யுங்கள். 2007 ஆய்வில் வலுவானவற்றை நீக்கியபோது வலை மெல்லச் சுருங்கியது, பலவீனமானவற்றை நீக்கியபோதோ ஒரு கட்டத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. சிறிய தரவில் இது இவ்வளவு தெளிவாக வராமல் போகலாம். வராவிட்டால், வாட்ஸ்அப் அழைப்புகள் சாதாரண கால் பதிவில் சேராமல் விடுபட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.