சைஃபர் எங்கே வில்லனாகிறான்? அவன் கதையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999இல் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டசி 8 ஒரு வாள்சண்டையோடு தொடங்குகிறது. கதாநாயகன் ஸ்குவாலும் சைஃபர் அல்மாசியும் ஒரே ராணுவப் பள்ளியின் மாணவர்கள். இருவர் கையிலும் துப்பாக்கியும் வாளும் சேர்ந்த கன்பிளேட். சண்டை முடியும்போது இருவர் முகத்திலும் மற்றவர் போட்ட தழும்பு இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த சைஃபரே எதிரியாக வந்து நிற்கிறான். அவனைப் பற்றிப் பேசும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கதை முழுவதும் இங்கே வெளிப்பட்டுவிடும், விளையாடாதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

"சூனியக்காரி மயக்கிவிட்டாள், பாவம் பையன்" என்று கணக்கை முடிப்பதுதான் பெரிய தவறு. டிம்பர் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் அவன் கல்பாடியா நாட்டு அதிபர் டெலிங்கைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்திருக்கும்போது சூனியக்காரி ஈடியா வருகிறாள். வந்தவள் அவனிடம் பேசுகிறாள். நீ குழம்பிப்போன சிறுவன், சிறுவனாகவே இருக்கப்போகிறாயா என்கிற மாதிரி அவன் வலிக்கும் இடத்தைத் தொடுகிறாள். அவன் அவள் பின்னால் போய்விடுகிறான். சரி, அதையும் மந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். ஈடியாவை ஆட்டிவைத்தவள் எதிர்காலச் சூனியக்காரி அல்டிமீசியா என்று தெரிந்து, ஈடியா விடுபட்ட பிறகும் சைஃபர் திரும்பவில்லையே! கல்பாடியா ராணுவத்தை ஏவிக் கடலுக்கடியில் கிடந்த லூனாட்டிக் பண்டோரா என்ற பிரம்மாண்டமான கட்டமைப்பைத் தேடுகிறான். கடைசியில், ஒரு காலத்தில் தனக்கு நெருக்கமாக இருந்த ரினோவாவையே கொண்டுபோய் ஏடெல் என்ற இன்னொரு சூனியக்காரியிடம் ஒப்படைக்கிறான். மயக்கம் என்ற ஒரே காரணம் இவ்வளவையும் தாங்காது.

அப்படியானால் எங்கே தொடங்குகிறது? பள்ளியின் களத்தேர்வு நடக்கும் டோலட் நகரில். பலர் அந்தத் தேர்வுப் பகுதியை விளையாட்டைக் கற்றுக்கொள்ளும் இடமாக மட்டும் நினைத்து வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கே அணித்தலைவன் சைஃபர். நகரச் சதுக்கத்தில் காவல் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. எதிரி வீரர்கள் தகவல் தொடர்புக் கோபுரத்தை நோக்கிப் போவதைப் பார்த்ததும் அவன் உத்தரவை மீறிப் பின்தொடர்கிறான். அவன் சந்தேகம் சரிதான்: கல்பாடியா படை வந்ததே அந்தக் கோபுரத்துக்காகத்தான். ஆனாலும் அவன் தேர்வில் தேறவில்லை. கூடப்போன ஸ்குவாலும் சக மாணவன் ஸெல்லும் தேறிவிடுகிறார்கள். தலைமையாசிரியர் சிட் அவனைக் கண்டிக்கிறார். கண்டித்துவிட்டு, நீங்கள் எல்லாரும் வெறும் இயந்திரங்களாகிவிடக் கூடாது, சொந்தமாக யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். சொல்வது ஒன்று, மதிப்பெண் போடுவது வேறு. இந்தப் பள்ளிக்கு அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதை எழுத்தாளர்கள் அந்த ஒரு காட்சியிலேயே காட்டிவிட்டார்கள்.

அதே டோலட்டில்தான் தனக்கு ஒரு கனவு இருப்பதாக ஸ்குவாலிடம் சொல்கிறான். அது என்ன என்று அப்போது சொல்வதில்லை. சூனியக்காரியின் காவல் வீரனாவதுதான் அந்தக் கனவு என்பது பின்னால் தெரிகிறது. அந்த உலகத்தில் இப்படி ஒரு வீரனைப் பற்றித் திரைப்படமே எடுக்கிறார்கள், ஸ்குவாலின் கனவுகளில் வரும் லகூனா அதில் நடிக்கிறார். அதாவது ஈடியா அவனுக்குப் புதிதாக எதையும் ஊட்டவில்லை. பள்ளி தராத பட்டத்தைத் தந்தாள், அவ்வளவுதான். கேமுக்குக் கதை எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. போட்டியாளன் வில்லனாகும்போது அவனுடைய ஆசையை மாற்றிவிடாதீர்கள். ஆசை அப்படியே இருக்கட்டும், அதற்கு அவன் கொடுக்கத் துணியும் விலை மட்டும் ஏறட்டும்.

இன்னொன்று, ஸ்குவாலுக்கு அவன் மேல் வெறுப்பு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வது. சைஃபருக்கு மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் எல்லாரும் அவனை "இருந்தான்" என்று இறந்தகாலத்தில் பேசத் தொடங்குகிறார்கள். எதற்கும் அசையாத ஸ்குவால் அதைத் தாங்க முடியாமல் கத்திவிட்டு வெளியே ஓடுகிறான். அந்தக் காட்சி நினைவில் இருந்தால்தான், பின்னால் சிறையில் சைஃபர் அவனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து விசாரிக்கும் காட்சி உண்மையாகவே வலிக்கும்.

அப்புறம், செஃபிரோத்தோடு ஒப்பிடுவது. 1997இல் வந்த முந்தைய பாகத்தின் வில்லன் கதை போகப்போகப் பெரிதாகிக்கொண்டே போவான். சைஃபர் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகிறான். டெலிங் நகர ஊர்வலத்தில் மிடுக்காக நின்றவன், பண்டோராவில் யாரும் இல்லாமல் தனியாக நிற்கிறான். இதைப் பலவீனமான எழுத்து என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வில்லனாவது ஒருவனைப் பெரிய ஆளாக்கிவிடாது என்று இவ்வளவு நேரடியாகச் சொன்ன கேம்கள் குறைவு. ஆனால் ஒரு குறையை மறைக்க முடியாது: மூன்றாம் டிஸ்க்கில் விண்வெளி, அல்டிமீசியா, எல்லாக் காலங்களையும் ஒன்றாக்கும் காலச்சுருக்கம் என்று கதை எங்கெங்கோ போக, அவனுக்கு இடமே கிடைப்பதில்லை.

கிடைத்த இடத்தில் மிகச் சிறந்தது அவனுடைய நண்பர்கள் ஃபுஜின், ரைஜின் வரும் பண்டோரா காட்சி. ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாத ஃபுஜின் அங்கே முழு வாக்கியங்களில் பேசுகிறாள். பழைய சைஃபர் வேண்டும், இப்போது இருப்பவன் யாருடைய கைப்பாவையோ என்கிறாள். அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்த எல்லென் என்ற பெண்ணை விடுவித்துவிட்டு இருவரும் போய்விடுகிறார்கள். இனித் திரும்ப வழியில்லை என்று அவன் பிடிவாதமாக நிற்கிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தாத நேரம் அது.

முடிவில் மூவரும் பாலம்ப் ஊரில் மீன்பிடிப்பதைப் பார்த்து, எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பதும் அவசரம். மன்னிப்பு கேட்கும் காட்சி எதுவும் இல்லை. நண்பர்கள் அவனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்பது மட்டும்தான் காட்டப்படுகிறது. ஈடியாவின் உத்தரவில் ஏவப்பட்ட ஏவுகணைகளில் அழிந்த டிராபியா பள்ளியின் மாணவர்கள் அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதற்குக் கேம் பதில் சொல்வதில்லை. நாமும் அவர்கள் சார்பில் மன்னித்துவிட வேண்டாம்.

2019இல் வந்த ரீமாஸ்டர்டில் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி உண்டு. சண்டைகளுக்கு நல்லது, டோலட்டிலும் பண்டோராவிலும் மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். பண்டோராவுக்குப் போவதற்கு முன்பே சென்ட்ரா இடிபாடுகளில் 20 நிமிடத்துக்குள் ஓடினை வென்று வைத்துக்கொள்ளுங்கள், வென்றால் சண்டைகளில் உங்களுக்கு உதவ வரும் மாய வீரன் அவன். அந்த ஓடினையே சைஃபர் இரண்டாக வெட்டுவதும், அதற்குக் கில்காமேஷ் என்ற இன்னொரு மாய வீரன் வந்து பதில் கொடுப்பதும் அப்போதுதான் உங்களுக்குக் காணக் கிடைக்கும்.