சாகக் கிடக்கும் கோழிக்கு நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரில் எங்கள் ராமமூர்த்தி நகர்ப் பக்கம் மொட்டைமாடியில் இரண்டு மூன்று கோழி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. முட்டைக்கென்று வாங்கியது பெயர் வைத்ததும் வீட்டுப் பிள்ளையாகிவிடும். அது சுருண்டு உட்கார்ந்துவிட்டால் எனக்கு போன் வரும். நானும் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே புதியவர்கள் அதே வரிசையில் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கூண்டைச் சுத்தமாக வையுங்கள், தண்ணீரை மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"

இருந்திருக்காது. கோழி நோயை மறைக்கும். துவண்டது தெரிந்தால் கூட இருக்கும் கோழிகளே கொத்தும், மேலே பருந்தும் பார்த்துக்கொண்டிருக்கும். இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடி நிற்கிறதென்றால் நோய் ஏற்கெனவே முற்றிவிட்டது. அதனால் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பை சாயங்காலம் நிறைந்திருந்து காலையில் காலியாக இருக்க வேண்டும். விடிந்தும் நிறைந்தே இருந்தால் செரிமானம் நின்றிருக்கிறது. நெஞ்செலும்பு கூராகத் தட்டுப்பட்டால் சதை கரைந்திருக்கிறது. கொண்டை வெளுத்தால் இரத்தம் குறைந்திருக்கிறது, நீலம் பாய்ந்தால் மூச்சிலோ இரத்த ஓட்டத்திலோ கோளாறு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைத்தால், இவ்வளவு தூரம் போகும் முன்பே தெரிந்துவிடும்.

வாயில் ஊற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் குறையாத தவறு இது. எனக்கு இன்னும் ஆத்திரம் வருவதும் இதற்குத்தான். கோழி தின்னவில்லை என்றதும் யாராவது பாலாடையை எடுத்துவிடுகிறார்கள். குழந்தைக்குப் புகட்டிப் பழகிய கை. மடியில் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, அலகைப் பிளந்து, ராகிக் கஞ்சியையோ கஷாயத்தையோ உள்ளே விடுகிறார்கள்.

ஒருமுறை கோழியின் வாய்க்குள் பாருங்கள். நாக்குக்கு நேர் பின்னால் நடுவில் ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நாம் விழுங்கும்போது அதன் மேல் கவிய நமக்கு ஒரு மடல் உண்டு, கோழிக்குக் கிடையாது. தெம்பான கோழி விழுங்கும் நேரத்தில் அந்தப் பிளவைத் தானே இறுக்கிக்கொள்ளும். துவண்ட கோழியால் அது முடியாது. ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். தொண்டையில் கொறகொறவென்று சத்தம் வரும், கழுத்தை நீட்டி அலகைத் திறந்து தவிக்கும். உடனே உயிர் போகாவிட்டாலும் அடுத்த சில நாளில் நிமோனியா கொண்டுபோய்விடும். வீட்டிலோ "கஞ்சிகூடக் குடிச்சது, அப்படியும் பிழைக்கல" என்று நோயின்மேல் பழியைப் போடுவார்கள்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவரின் கோழிக்குச் செல்லி என்று பெயர். அடிவயிற்றில் முட்டை அடைத்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் வர்ற வரைக்கும் வாயில ஒண்ணும் விடாதீங்க" என்று போனிலேயே சொன்னேன். போய்ச் சேர்வதற்குள் அவருடைய மாமியார் கஞ்சி புகட்டியிருந்தார். "வயிறு காஞ்சு கெடக்குதேம்மா, எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கிறது?" என்றார். துண்டின் மேலேயே செல்லி போய்விட்டது. தடவிப் பார்த்தால் முட்டை கைக்குத் தட்டுப்பட்டது. வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்து, டாக்டரிடம் கால்சியம் ஊசி போட்டால் பல கோழிகள் அந்த முட்டையை இட்டுவிடும். பிழைக்க வழியிருந்த கோழி அது. அந்த அம்மாமீது எனக்குக் கோபமில்லை. "கொஞ்சம் வாயில ஊத்துங்க, தெம்பு வரும்" என்று யார் வீட்டுக் கோழிக்கும் போனில் வைத்தியம் சொல்பவர்கள்மீதுதான் கோபம்.

தெம்பு வர முதலில் சூடு வேண்டும். கோழியின் உடல் சூடு 41, 42 டிகிரி செல்சியஸ். அது குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே போன தீனி செரிக்காமல் புளிக்கும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15 டிகிரிக்கும் இறங்கும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள். சூடு அதிகமானால் விலகிக்கொள்ள மறுபக்கம் இடம் விடுங்கள். உடம்பு சூடான பிறகு தண்ணீர், தண்ணீர் இறங்கிய பிறகு தீனி. கோழி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. விழுங்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதோ தீனிப்பைக்குக் குழாய் விடுவதோ டாக்டர் வேலை. குழாய் விடுவதை அவர் கைபிடித்துக் காட்டினால் கற்றுக்கொள்ளலாம், வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். தீனிப்பை புளித்துவிட்டதென்று தலைகீழாகப் பிடித்துப் பிதுக்குவதும் இதே ஆபத்துதான்.

பிழைக்காது என்று தெரிந்துவிட்ட கோழிக்கும் ஊற்றாதீர்கள். உயிர் போகும் நேரத்தில் வாயில் பால் விடுவது நம் வழக்கம்தான். அந்தப் பால் கோழியைக் கடைசி நிமிடத்தில் மூச்சுத்திணற வைக்கும்.

இறுக்கிச் சுற்றுவது

கோழிக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சு. துண்டைத் தளர்வாகச் சுற்றுங்கள். வயிற்றில் நீர் கோத்த கோழியை மல்லாத்தவே மல்லாத்தாதீர்கள்.

நம் வீட்டு வலி மாத்திரை

வேண்டாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து அந்தப் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கோழிக்கும் அது ஆகாது. வலிக்கு மெலாக்ஸிகாம் இருக்கிறது, அளவை டாக்டர் சொல்லட்டும்.

என்ன நோய் என்று தெரியாமல் முடிவெடுப்பது

இரண்டு பக்கமும் நடக்கிறது இது. இரத்தக்கழிச்சலைப் பார்த்துப் பயந்து கைவிட்டுவிடுகிறார்கள். ஆம்ப்ரோலியம் கொடுத்தால் தேறக்கூடிய நோய் அது. தோலில் மட்டும் வரும் அம்மைக் கொப்புளமும் சில வாரத்தில் பெரும்பாலும் தானாக ஆறும். ஆனால் இளங்கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிட்டால் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே இல்லை. வெள்ளைக்கழிச்சல் வைரஸைக் கொல்லவும் மருந்தில்லை, முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள் பல இருப்பதால், பறவை பார்க்கும் டாக்டர் யார் என்பதைக் கோழி நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

"இன்னைக்கு ஒரு வாய் சாப்பிட்டுச்சே"

அல்சூரில் ஒரு பெரியவர் வீட்டுக் கோழிக்கு வயிறு நீர்ப்பையாகத் தொங்கியது. டாக்டர் நீரை எடுத்தார், மறுபடி நிறைந்தது. முட்டைக்கோழிகளுக்கு இது சகஜம். காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். நாம் வளர்க்கும் ரகங்களை 300 வரை இடும்படி ஆக்கிவைத்திருக்கிறோம். இரண்டு மூன்று வயதுக்கு மேல் முட்டைக்கரு உருவாகும் சூலகத்தில் கட்டி, வயிற்றுக்குள் முட்டைக்கரு சிந்திச் சீழ் பிடிப்பது என்று வரிசையாக வரும். அந்த வீட்டம்மா தினமும் "ரெண்டு தக்காளி விதை கொத்திச்சு" என்று, வலியில்லாமல் உயிரை முடிக்கும் ஊசி போடும் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்.

சாகும் கோழியும் ஒரு வாய் கொத்தும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கோழி உயிராக நினைத்த விஷயங்களை எழுதுங்கள்: மண்ணில் புரள்வது, இறகு கோதுவது, இருட்டியதும் கழியில் ஏறுவது, உங்கள் குரலுக்கு ஓடி வருவது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் குறித்துவைத்தார். ஒரு தாளிலும் குறிக்க ஒன்றும் இல்லாமல் போனபோது அவரே டாக்டரைக் கூப்பிட்டார். எடை இறங்கிக்கொண்டே போவது, வெயில் இல்லாத நேரத்திலும் வாயைத் திறந்து மூச்சு விடுவது இரண்டும் சேர்ந்தால் ஊரிலிருந்து மகன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"தானா போகட்டும்" என்பவர்களுக்கு ஒன்று. அது பெரும்பாலும் தூக்கத்தில் போவதில்லை. நாள்கணக்கில் கிடக்கும், எறும்பு ஏறும், ஈ மொய்த்து ஆசனவாயில் புழு வைக்கும். டாக்டர் முதலில் மயக்கம் கொடுத்து, அது நினைவிழந்த பிறகுதான் கடைசி ஊசி போடுவார். அப்போது இறக்கை அடித்துக்கொள்ளலாம், அது உடம்பின் துடிப்பு மட்டுமே. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டாக்டர் கிடைக்கவே இல்லையென்றால், ஒரே நொடியில் கழுத்தெலும்பை விலக்கத் தெரிந்த பழகிய கை வேண்டும். தண்ணீரில் அமுக்குவது, ஃப்ரீசரில் வைப்பது இரண்டும் கொடுமை.

கறிக்கடையில் கொடுத்துவிடுவது

மருந்து ஏறிய கறி யார் வீட்டுக் குழம்பிலோ விழும். நோய் அங்கிருக்கும் கூண்டு முழுக்கப் பரவும். கொடுக்காதீர்கள்.

செத்த பிறகு

ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும். தின்ற நாயும் பருந்தும் சாகக்கூடும். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள், குப்பை வண்டியில் போடாதீர்கள். அடுத்தடுத்துப் பல கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் காரணம் தெரியாமல் செத்து, மற்றவை கூண்டில் இருந்தால், பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உடலை இரண்டு பைகளில் கட்டி ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். உறைய வைத்தால் திசு கெட்டுக் காரணம் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.