கூம்பாகும், குடமாகாது: மேசை ஆட்டத்துக்கு ஒரு காகிதச் சம்பான்

போன தீபாவளி விடுமுறையில், சின்ன வீரர் பொம்மைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் எங்கள் ஆட்டத்தில் ஆற்றைக் கடக்க வேண்டிய கட்டம் வந்தது. நீலத் துணியை விரித்தோம், ஆறு ஆயிற்று. படகுக்கு மார்ஜரின் டப்பா மூடி. நான்கு வீரர்களும் மஞ்சள் மூடியில் ஏறி அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாளே அட்டையை வெட்டி ஒரு படகு ஒட்டினேன். அக்காள் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது படகா, சவப்பெட்டியா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். எங்கள் ஊர் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு வரிசைக் கடை. அரை மணி நேரத்தில் பேராக் ஆற்றங்கரைக்குப் போய், தட்டை அடியுள்ள சிறு மரப்படகான சம்பானை நிஜமாகவே பார்த்துவிட்டு வரலாம். அதைச் செய்யாமல் நினைவிலிருந்து வரைந்தால் சவப்பெட்டிதான் வரும். அதன்பிறகு ஏழெட்டுப் படகு கெடுத்து, இப்போது ஒன்று உருப்படியாக வருகிறது. அதன் செய்முறை இது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

பொம்மையிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் நிஜப் படகின் அளவைத் தேடி அதைச் சுருக்குவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மேசை ஆட்டங்களில் அதிகம் புழங்குவது 28 மி.மீ. பொம்மைகள். சிலர் கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சி வரை. அதனால் விகிதம் 1:56 முதல் 1:64 வரை அலையும். கட்டம் போட்ட பலகையில் ஆடும்போது ஒரு கட்டம் ஓர் அங்குலம், அது நிஜத்தில் 5 அடி என்று பல ஆட்டங்களில் கணக்கு. 5 அடி என்றால் 60 அங்குலம். ஆகவே 1:60 என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலமுள்ள சம்பானை 1:60க்குச் சுருக்குங்கள். 100 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம் வரும். கணக்கு சரி, ஆட்டம் நடக்காது. பொம்மை நிற்கும் வட்டத் தட்டே 25 மி.மீ. இருக்கும், படகின் சுவரைத் தாண்டி உள்ளே இறங்காது. ஆகவே பொய் சொல்ல வேண்டும். அகலத்தை 34 மி.மீ., நீளத்தை 120 மி.மீ. ஆக்குங்கள். மூன்று பொம்மைகள் வரிசையாக நிற்கும். கண்ணுக்கு அது இன்னும் சம்பான்தான்.

உள்ளே குறுக்குப் பலகை, இருக்கை எதுவும் வேண்டாம். என் இரண்டாவது படகில் மூன்று இருக்கை வைத்தேன், பார்க்க அவ்வளவு அழகு. ஒரு பொம்மைகூட நிற்கவில்லை.

என்னென்ன வேண்டும்

160 முதல் 200 கிராம் கனமுள்ள மணிலா அட்டை. 80 கிராம் சாதாரணத் தாள் தொய்ந்துவிடும். மளிகைக்கடையில் தூக்கிப் போடும் பெட்டியின் நெளி அட்டை. வெள்ளைப் பசை, கட்டர், அடிக்கோல், துணி கிளிப், பல்குத்தும் குச்சி, மை தீர்ந்துபோன ஒரு பேனா. பேனாவைத் தூக்கி எறியாதீர்கள், இந்த வேலையில் அதுதான் முக்கியமான கருவி.

காகிதத்தின் குணம்

வெட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈப்போவின் புந்தோங் பக்கம் கச்சாங் பூத்தே என்ற கடலைத் தீனி வாங்கியிருப்பீர்கள். தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, அதில் கடலையைக் கொட்டிக் கொடுப்பார்கள். அதே தாளில் ஒரு குடம் செய்யச் சொல்லுங்கள், முடியாது. காகிதம் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். உருளையாகும், கூம்பாகும், குடம்போல் எல்லாப் பக்கமும் புடைக்காது. கசங்கும், இல்லையென்றால் கிழியும்.

மரப்படகின் வயிறு உருண்டு திரண்டிருப்பதைப் பார்த்து அதையே அட்டையில் கொண்டுவர முயன்றால் தோல்விதான். தட்டையான அடி, ஒரே திசையில் வளையும் பக்கச்சுவர் என்று போனால் அட்டை நம் சொல் கேட்கும். தட்டை அடிச் சம்பானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இதுதான்.

இன்னொன்று: அட்டைக்கும் மரத்தைப்போல் இழை உண்டு. ஒரு தாளை இருபுறமும் பிடித்து மெதுவாக வளையுங்கள். பிறகு கால் திருப்பு திருப்பி மறுபடியும் வளையுங்கள். ஒரு பக்கம் இலகுவாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். பக்கச்சுவர்த் துண்டை, அதன் நீளவாக்கில் இலகுவாக வளையும்படி வெட்ட வேண்டும். திசை மாறினால் படகின் மூக்கில் மடிப்புக் கோடு விழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று படகு செலவாயிற்று.

அடித்தட்டு

ஒரு தாளை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். மடிப்புதான் படகின் நடுக்கோடு. பாதிப் படகை மட்டும் வரைந்து மடிப்போடு வெட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோல வரும்.

மடிப்பில் 120 மி.மீ. அளந்து, பின்முனையிலிருந்து 30 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பாதி அகலம்: பின்முனையில் 12, அடுத்து 16, நடுவில் 17, பிறகு 13, மூக்கில் 0. புள்ளிகளை உடையாத வளைகோடாக இணையுங்கள். அடிக்கோலால் இணைத்தால் எங்கள் வீட்டுச் சவப்பெட்டி உங்களுக்கும் வந்துவிடும்.

இந்த மாதிரியை நெளி அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். காகிதப் படகு இலேசு. மின்விசிறி சுழன்றால் பறக்கும். அதனால் நெளி அட்டையில் நடுக்கோட்டை ஒட்டி இரண்டு ஓட்டை போட்டு, ஆளுக்கொரு 1 காசு நாணயத்தைப் பதியுங்கள். 2008 ஏப்ரலில் கடைக்கணக்கு 5 காசுக்குச் சரிசெய்யும் முறைக்கு மாறியபின் எல்லார் வீட்டு டப்பாவிலும் அவை தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு வழியாகக் கப்பலேறட்டும். மேலே பலகைக் கோடுகள் வரைந்த அட்டையை ஒட்டிவிட்டால் நாணயம் தெரியாது.

பக்கச்சுவர்

அடித்தட்டின் ஓரத்தில் ஒரு நூலை வைத்து, பின்முனையிலிருந்து மூக்கு வரை ஓட்டிப் பாருங்கள். 120 வராது, ஏறக்குறைய 124 மி.மீ. வரும். வளைவு கொஞ்சம் நீளம் தின்னும். ஒவ்வொரு சுவருக்கும் 130 மி.மீ. நீளம், 30 மி.மீ. உயரத் துண்டு வெட்டுங்கள்.

கீழ் ஓரத்திலிருந்து 6 மி.மீ. மேலே நேர்க்கோடு இழுங்கள். அதுதான் மடிப்புக் கோடு. அதற்கு மேல் படகின் உயரம்: பின்னால் 18, நடுவில் 15, மூக்கில் 24 மி.மீ. மூன்றையும் ஒரே வளைவில் இணைத்து மேல்விளிம்பை வெட்டுங்கள். பின்னாலும் முன்னாலும் ஏறி நடுவில் தாழும் அந்த ஒரு கோடுதான் பெட்டியைப் படகாக்குகிறது.

மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அடிக்கோல் வைத்து அழுத்தி இழுங்கள். கத்தியால் கீறினால் கொஞ்ச நாளில் அங்கேயே பிய்யும். கோட்டுக்குக் கீழே உள்ள 6 மி.மீ. பகுதியை முக்கோணப் பல்லாக வெட்டுங்கள்; நடுவில் 10 மி.மீ.க்கு ஒரு பல், மூக்குப் பக்கம் 5 மி.மீ.க்கு ஒன்று. பல் இல்லாமல் மடித்தால் வளைவில் காகிதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மொத்தையாகும்.

பின்பலகை 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம். கீழேயும் இரு பக்கமும் 5 மி.மீ. ஒட்டுநாக்கு விடுங்கள்.

ஒட்டும் வரிசை

முதலில் இரண்டு சுவர்களையும் மூக்கில் மட்டும் ஒட்டுங்கள். ஒன்றில் மிஞ்சியிருக்கும் 5 மி.மீ. நாக்கு, மற்றதன் உட்புறத்தில். கிளிப் போட்டுவிட்டுப் போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள். நிஜமாகவே சொல்கிறேன், இங்கே அவசரப்பட்டால் கடைசியில் மூக்கு பிளக்கும்.

காய்ந்ததும் சுவர்களைப் பேனாத் தண்டில் சுற்றி லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டை மூக்கிலிருந்து உள்ளே செருகி, நெளி அட்டையின் ஓரத்தில் பல்குத்தும் குச்சியால் மெல்லியதாகப் பசை தடவி, மூக்கிலிருந்து பின்னோக்கி இடது ஓர் அங்குலம், வலது ஓர் அங்குலம் என்று மாறி மாறி ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக ஒட்டிவிட்டு மறுபக்கம் போனால் படகு கோணும். பற்களை அடியில் மடித்து ஒட்டுங்கள். கடைசியில் பின்பலகை. மிஞ்சும் சுவரை அப்போது நறுக்குங்கள். அடியில் இன்னொரு அட்டை ஒட்டினால் பற்கள் மறைந்துவிடும்.

மேல்விளிம்பில் 2 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை ஓடவிட்டால் சுவர் விறைப்பாக நிற்கும், மரச்சட்டம் போலவும் தெரியும். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியாமலிருக்கக் கலர் பென்சிலால் ஓட்டிவிடுங்கள். பாதிப் பேர் விட்டுவிடும் வேலை இது. படகைக் காகிதம் என்று காட்டிக்கொடுப்பது அந்த வெள்ளைக் கோடுதான்.

கணினியில் வரைபவர்களுக்கு

இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருள் போதும். அளவை மில்லிமீட்டருக்கு மாற்றி, பாதியை வரைந்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிரதியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரையாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நான் ஒரு போட்டோஸ்டேட் கடையில் கொடுத்தபோது, தாளுக்குள் அடங்கட்டும் என்று அந்தத் தம்பி தானாகச் சுருக்கி அடித்துவிட்டார். வீட்டில் ஒட்டி முடித்த பிறகுதான் பொம்மை உள்ளே இறங்கவில்லை என்று தெரிந்தது. கடையிலேயே அடிக்கோலை வைத்து அந்தக் கோட்டை அளங்கள். 100 விழுக்காட்டில் அடிக்கச் சொல்லுங்கள்.

இங்க்ஜெட் மை பசை ஈரத்தில் கரையும். வெட்டுவதற்கு முன் தெளிவான வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு கை அடியுங்கள். லேசர் அச்சு கரையாது, ஆனால் மடிப்பில் உதிரும். நம் ஊர் மழைக்காலத்தில் செய்த படகைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் நெளியும். பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவையுங்கள்.

இரண்டாவது படகு: விரிந்த சுவர்

முதல் படகில் சுவர் செங்குத்து. நிஜச் சம்பானில் சுவர் மேலே போகப் போக வெளியே விரியும். அதற்கு நேரான துண்டையே சாய்த்து ஒட்டினால், இரு முனையும் மேசையை விட்டு எழும்பி, படகு வாழைப்பழம்போல் ஆடும். ஏன்? கச்சாங் பூத்தே கூம்பின் நுனியை வெட்டிவிட்டுப் பிரித்து விரித்துப் பாருங்கள். நேர்ப்பட்டை கிடைக்காது, வானவில் போன்ற வளைபட்டைதான் கிடைக்கும். விரிந்த சுவரின் வடிவமும் அதுவே.

இதற்குக் கணக்குப் போட வேண்டாம். பின்பலகையையும், நடுவில் வைக்கத் தற்காலிகச் சட்டம் ஒன்றையும், அடியைவிட மேலே அகலமாக வெட்டி நெளி அட்டையின்மேல் நிறுத்துங்கள். மூக்கில் பல்குத்தும் குச்சி ஒன்றைச் சாய்வாக ஊன்றுங்கள். பழைய நாளிதழ்த் துண்டு ஒன்றை இவற்றைச் சுற்றிக் கசங்காமல் படியவைத்து, அடித்தட்டின் ஓரத்தையும் மேல்விளிம்பையும் பென்சிலால் குறியுங்கள். எடுத்து விரித்தால் அதுதான் சுவரின் அச்சு. கீழே பல்லுக்கு 6 மி.மீ. சேர்த்து மணிலா அட்டையில் வெட்டுங்கள். ஒட்டிய பிறகு சட்டத்தைப் பிடுங்கிவிடலாம்.

விரிந்த சுவர்ப் படகை அக்காள் மகளிடம் காட்டினேன். மூக்கிலிருந்து பின்பலகை வரை ஒரு விரலை ஓட்டினாள். "இப்ப படகுதான். ஆனா துடுப்பு எங்க மாமா?"

துடுப்புக்குச் சத்தே குச்சி, அதாவது இறைச்சியைக் கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. 60 மி.மீ. நறுக்கி, ஒரு முனையைக் கட்டரால் 8 மி.மீ. பிளந்து, அதில் அரிசி வடிவ அட்டைத் துண்டைப் பசை தடவிச் செருகுங்கள். இரண்டு செய்யுங்கள். ஒன்று எப்படியும் நாற்காலிக்கு அடியில் தொலையும்.