லினக்ஸில் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள், பழையவர்கள் தடுக்கி விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். பேட்டரி போட்டீர்களா, அடியில் இருக்கும் சுவிட்சைத் தள்ளினீர்களா என்பதை விட்டுவிடலாம்.

ஒரே லேப்டாப், இரண்டு இயங்குதளம், ஒரு புளூடூத் மவுஸ்

லினக்ஸ் மின்ட்டில் மவுஸை இணைக்கிறார்கள், ஓடுகிறது. விண்டோஸுக்குப் போனால் அசையாது. அங்கே நீக்கிவிட்டு மறுபடி இணைக்கிறார்கள். மின்ட்டுக்குத் திரும்பினால் இப்போது இங்கே அசையாது. அடுத்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மாற்றுகிறார்கள். கடைசியில் லினக்ஸையே அழிக்கிறார்கள். ஒரு குற்றமும் செய்யாத டிரைவர் மேல் பழி போடுவதைப் பார்க்க இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் புது ரகசியச் சாவி (கீ) ஒன்று உருவாகி இரு பக்கமும் பதிவாகிறது. லேப்டாப்பின் புளூடூத் முகவரி இரண்டு இயங்குதளத்திலும் ஒன்றே என்பதால் மவுஸுக்கு இரண்டும் ஒரே ஆள். புதுச் சாவி வந்ததும் பழையதைத் தூக்கிப்போட்டுவிடும்.

முதலில் லினக்ஸில் இணையுங்கள், பிறகு விண்டோஸில். அதன்பின் எங்கும் மறுபடி இணைக்கவே கூடாது. விண்டோஸ் வைத்திருக்கும் சாவியையே லினக்ஸிலும் எழுதப் போகிறோம். லினக்ஸுக்கு வந்து விண்டோஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்யுங்கள். சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் சிஸ்டம் கோப்பை, விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியைப் படிக்கும் சிஎச்என்டிபிடபிள்யூ (chntpw) கருவியால் திறந்தால், பிடிஎச்போர்ட், பாராமீட்டர்ஸ், கீஸ் என்ற வரிசையில் சாவி கிடைக்கும்: 16 பைட், அதாவது 32 ஹெக்ஸ் எழுத்து. புளூடூத் சேவையை நிறுத்துங்கள். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) வார், லிப், புளூடூத் (/var/lib/bluetooth) என்று உள்ளே போய், மவுஸின் முகவரி ஃபோல்டரில் உள்ள இன்ஃபோ கோப்பில், லிங்க்கீ பகுதியில் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். சேவையைத் தொடங்குங்கள்.

புளூடூத் லோ எனர்ஜி வகை மவுஸ் என்றால் ஒரு சாவி போதாது; எல்டிகே (LTK), ஈடிவ் (EDIV), ஈரேண்ட் (ERand) என்ற மூன்று மதிப்புகளும் வேண்டும். பின்னிரண்டையும் லினக்ஸில் தசம எண்ணாக எழுத வேண்டும். ஈரேண்டின் பைட்டுகளைக் கடைசியிலிருந்து படித்து மாற்றுங்கள். சில மவுஸ்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் தன் முகவரியையே மாற்றிக்கொள்ளும். அப்போது ஃபோல்டர் பெயரையும் விண்டோஸில் உள்ள முகவரிக்கு மாற்றியாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மவுஸில் 1, 2, 3 என்று சேனல் பட்டன் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம்: 1 விண்டோஸுக்கு, 2 லினக்ஸுக்கு.

டிரஸ்ட் கொடுக்காமல் விடுவது

புளூடூத்சிடிஎல் (bluetoothctl) என்ற கட்டளைக் கருவியில் பேர் (pair) மட்டும் செய்து, டிரஸ்ட் (trust) கொடுக்காமல் நிறுத்தினால் ரீபூட்டுக்குப் பின் தானாக இணையாமல் போகலாம்.

ரிசீவரை யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகுவது

யூஎஸ்பி 3.0-இன் மின் இரைச்சல், ரிசீவர் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. கர்சர் குதிக்கும், எழுத்து விட்டுப்போகும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வையுங்கள்.

லாஜிடெக் ரிசீவரை மாற்றி வாங்குவது

ஆரஞ்சு நிறக் குறி போட்டது யூனிஃபையிங் என்ற ரிசீவர் வகை; 6 கருவிகள் வரை ஏற்கும். 2021-இல் வந்த போல்ட் வேறு வகை. ஒன்றின் மவுஸ் மற்றதில் சேராது. லினக்ஸில் இணைக்க சோலார் என்ற மென்பொருள் போதும்.

பவர்டாப் ஆட்டோ-ட்யூன்

பவர்டாப் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கருவி; அதன் ஆட்டோ-ட்யூனைப் போட்டால் மவுஸ் தூங்கிவிடும். போடாதீர்கள்.

டிஸ்க் என்கிரிப்ஷனும் புளூடூத் கீபோர்டும்

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால், கணினி தொடங்கும்போது அதன் பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தில் புளூடூத் இன்னும் எழுந்திருக்காது. ரிசீவர் வைத்த கீபோர்டோ, வயர் கீபோர்டோ கையில் இருக்கட்டும்.