மூடியைச் சாத்தினால் சிவப்பு விளக்கு

அடுக்குமாடி ஒன்றில் சில வீடுகளுக்கு மட்டும் நெட் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. ஃபைபர் (ஒளியிழை) பெட்டியைத் திறந்து, ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டர் வைத்தால் மைனஸ் 21 டிபிஎம். மூடினால் வலு இன்னும் குறைந்து மைனஸ் 29, மோடத்தில் சிவப்பு விளக்கு. ஸ்ப்ளைஸ், அதாவது இழைகளை ஒட்டிய இணைப்பு, மோசமென்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. இழையில் எங்கே எவ்வளவு ஒளி இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் பார்த்தேன்: 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு சொற்பம், 1550இல் பெரிய சரிவு. ஸ்ப்ளைஸ் கோளாறு என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். அலைநீளம் கூடக் கூட இழப்பும் கூடினால் இழை எங்கோ மடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மடங்கித்தான் இருந்தது. மிச்ச நீளத்தை முறுக்குக் கம்பி மாதிரி சுருட்டி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடியும் அதன்மேல் அழுத்தியது.

டைகளை வெட்டினேன். உள்ளே இருந்தது பழைய ஜி.652 ரக இழை, அதற்கு வளைவு ஆரம் 30 மில்லிமீட்டராவது வேண்டும். அதனால் விட்டம் 6 சென்டிமீட்டருக்குக் குறையாத வட்டங்களாக ட்ரேயின் ஓரத்தையொட்டிச் சுற்றினேன். திசை மாற வேண்டிய இடத்தில் மடக்காமல் 8 வடிவில் திருப்பினேன். ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு உள்ளே வரும் இழை ஒரு பக்கம், வீடுகளுக்குப் போகிறவை மறுபக்கம். கட்டுவதற்கு வெல்க்ரோ, அதுவும் தளர்வாக. (ஃபைபர் பெட்டிக்குள் பிளாஸ்டிக் டையே ஆகாது என்பது என் கட்சி.) அப்புறம் ஒவ்வொரு முனையிலும் வீட்டு எண் ஒட்டினேன்.

மூடிய பிறகும் மைனஸ் 21 தான்.